அறுபத்து மூன்றாவது அடி

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். இப்போது அங்கே எல்லை அளக்கும் வேலையில் இருப்பவர்கள். கையடக்கமான ஜி.பி.எஸ். கருவி ஒன்றை மேசைமேல் வைத்தார்கள். வாசலுக்கு எடுத்துப்போய்ப் பிடித்தால், நாம் நிற்கும் இடத்தை எண்களாகக் காட்டிவிடுகிறது. பனி மூடினாலும், இருட்டினாலும், வந்த வழியே திரும்பிப் போகக் கோடு போட்டுக் காட்டுமாம். “இது இல்லாம கொடைக்கானல் காட்டுல எப்படிங்க சார் நடந்தீங்க? வழி தவறினதே இல்லையா?” என்று கேட்டார்கள். அலுவலக மலருக்கு எழுதித் தரவும் சொன்னார்கள்.

நல்ல கருவி. எங்களுக்கு அன்று கிடைத்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்போம். ஆனால் நான் வழி தவறியதில்லை. என் வேலைக்காலத்தில் நடந்த பெரிய தவறு வழி தெரியாமல் நடந்ததல்ல. அதைத்தான் எழுதப்போகிறேன்.

எழுபதுகளின் நடுவில் வேலையில் சேர்ந்தேன். பழனி மலையின் மேல்புறத்தில் புல்வெளிகளில் பைன், யூகலிப்டஸ், பட்டை உரிக்கும் சீகை மரம் எல்லாம் நட்டுக்கொண்டிருந்த காலம். எந்தத் தோப்பு எங்கே முடிகிறது என்று எல்லை போடுவது எங்கள் வேலை. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். கூடப் பணியாற்றியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

எங்கள் தலைவர் அருளப்பன் சார். கொடைக்கானலிலேயே பிறந்து, மிஷன் பள்ளியில் படித்தவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. முதல் நாள் நாங்கள் மூன்று பேர் சேர்ந்தோம். பேரைக் கேட்பதற்கு முன்னால் பென்சில் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மூன்று பேருடைய ரப்பரையும் எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

“களப்புத்தகத்துல அழிக்கக் கூடாது. தப்பா எழுதிட்டா ஒத்தக் கோடு போட்டு அடிங்க. அடிச்சது படிக்கிற மாதிரி இருக்கணும். சரியானத கீழ எழுதுங்க.”

பிறகு எங்களை அட்டுவம்பட்டிச் சாலைக்குக் கூட்டிப்போனார். இரண்டு யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் ஐந்து நாள் நடக்கவிட்டார். ஏற்றத்தில் எத்தனை அடி, இறக்கத்தில் எத்தனை அடி, ஈரப்புல்லில், களைத்த காலோடு, பசித்த வயிற்றோடு எத்தனை அடி என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளச் சொன்னார். “உங்க காலு நீளமே உங்களுக்குத் தெரியலன்னா, மலை நீளத்த எப்படி அளப்பீங்க?” என்றார். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான். ஆறாம் நாள் காட்டில் இருந்தோம்.

வேலை செய்யும் முறை இது. காம்பஸைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, எதிரே தெரியும் ஒரு பாறையையோ ஒற்றை மரத்தையோ அதன் மயிரிழைக் கம்பியோடு பொருத்த வேண்டும். அரிவாள், பூண் போட்ட தடி எதுவும் பத்தடிக்குள் இருக்கக் கூடாது. முள் இரும்பின் பக்கம் சாயும். மூன்று தடவை பார்த்து, மூன்றும் ஒத்துவந்தால்தான் பாகையை எழுதலாம். பிறகு அந்தப் பாறையை நோக்கி நடை. இடது கால் விழும்போது மட்டும் ஓர் எண். நூறு வந்ததும் வலது பையிலிருந்து ஒரு புளியங்கொட்டை இடது பைக்குப் போகும். நின்று, நேரத்தையும் பாகையையும் எழுதிவிட்டு மறுபடி ஒன்று. பின்னால் ஓர் ஆள் குச்சி வெட்டி, சுண்ணாம்பு பூசி, நான் நின்ற இடங்களில் நட்டுக்கொண்டு வருவார். கோடு முடிந்ததும் குச்சிக்குக் குச்சி அளவுக் கயிறு பிடித்து இருவருமாகத் தூரத்தைச் சரிபார்ப்போம்.

நடக்கும்போது பேசக் கூடாது. பேசினால் எண்ணிக்கை தப்பும். தப்பினால் கடைசிக் குச்சிக்குத் திரும்பிப் போக வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் இப்படி. இரவு தகரக் கொட்டகையில் படுத்தால் மழைச் சத்தத்தைக்கூட எண்ணிக்கொண்டிருப்பேன். மனிதக் குரல் கேட்காமல் நான்கு நாள், ஐந்து நாள் போகும். போகப்போக அது எனக்குக் கஷ்டமாகவும் இல்லை. அதுதான் அபாயம் என்று இப்போது தெரிகிறது.

மாதத்துக்கு ஒரு தடவை பழனிக்கு வீட்டுக்குப் போவேன். மனைவி சாரதாவின் அப்பாவுக்கு அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. அவளுக்கு இழுப்பு இருந்ததால் மலைக்குளிருக்குக் கூட்டிவர முடியவில்லை. ஒரு கார்த்திகைக்கு இருவரும் கிரிவீதி சுற்றினோம். அவள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் நின்றுவிட்டாள்.

“நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்.”

எனக்குத் தெரியவில்லை. அறுநூற்றுப் பதினான்கு என்பது மட்டும் தெரிந்தது. அவள் கோபப்படவில்லை. “எண்ணுறீங்க. உங்க உதடு அசையுது” என்று சொல்லிவிட்டு, மிச்ச வழி முழுக்கப் பேசாமல் வந்தாள்.

முனியாண்டி என்னோடு குச்சி நட வந்தது எழுபதுகளின் கடைசியில். அவருக்கு நாற்பது வயதிருக்கும். எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, தாயகம் திரும்பியவர்களோடு வந்தவர். மனைவி லெச்சுமியோடு பள்ளங்கிக்குப் போகும் வழியில் ஒரு வரிசை வீட்டில் இருந்தார். அதை இருவரும் லயம் என்றுதான் சொல்வார்கள். தினக்கூலி வேலை. உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் பேச்சு, ஓயாத பேச்சு.

“சார், இந்தப் பனி எங்க மலையில விழுற பனி மாதிரியே இரிக்கு. அங்க ஒரு தொர இருந்தாரு பாருங்க…”

“யோவ், பேசாம வாய்யா. எண்ணிக்கை போகுது.”

“சரிங்க சார்.” நூறு அடி பேசாமல் வருவார். நூற்றொன்றில், “சார், அந்தா பாருங்க, காட்டு மாடு!”

அவரால் ஒரே நாளில் இரண்டு தடவை, மூன்று தடவை எண்ணிக்கையைத் தொலைத்துத் திரும்பி நடந்திருக்கிறேன். ஒரு நாள் சொல்லிவிட்டேன், “இனிமே நீ கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன். என்ன சோலியா இருந்தாலும் நூறு முடிஞ்சப்புறம்தான்.” அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அது ஐப்பசி மாதம். வெள்ளனே கிளம்பி, மேற்கே சரிவு இறங்கும் ஒரு புல்வெளி விளிம்பில் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். மணி பத்தரை. வானம் தெளிவாக இருந்தாலும் கீழே பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. மூடுவதற்குள் இன்னும் நான்கு புளியங்கொட்டை தூரம் போய்விட்டால் அந்தக் கோடு முடியும். பனி வந்தால் ஆளை முன்னால் விட்டு, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிறுத்தி, அவரிடம் போய்ச் சேர்ந்து, மறுபடி முன்னால் அனுப்ப வேண்டும். அருளப்பன் சார் வைத்த முறை அது. நாள் முழுக்க இழுக்கும். அதனால் வெரசாக நடந்தேன்.

அறுபத்து மூன்றாவது அடியில் முனியாண்டியின் குரல் கேட்டது.

“சார்!”

நின்றேன். இடது கால் தரையில் ஊன்றியபடி இருந்தது. குரல் வழக்கம்போல் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. இதை மாற்றிச் சொல்ல முடியாது. தெரிந்தது. ஆனாலும் வாய்க்குள் ‘அறுபத்து மூன்று, அறுபத்து மூன்று’ என்று எண்ணைப் பிடித்துவைத்துக்கொண்டு, அறுபத்து நான்கு என்று அடுத்த அடியை எடுத்து வைத்தேன். நூறு வந்தது. கொட்டையைப் பை மாற்றினேன். பாகை பார்த்தேன், எழுதினேன். பிறகுதான் திரும்பினேன். பின்னால் வெள்ளைச் சுவர்.

கூப்பிட்டேன். பதில் இல்லை. எதிர்ப்பாகை பிடித்து நூறடி திரும்பி வந்து கடைசிக் குச்சியைக் கண்டுபிடித்தேன். சுண்ணாம்பு டப்பா அங்கே இருந்தது. ஆள் இல்லை. அளவுக் கயிற்றின் ஒரு நுனியைக் குச்சியில் கட்டி, மறுநுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு சரிவுப் பக்கம் விசிறி மாதிரி தேடினேன். ஒரு திசையில் கயிறு முடியும்வரை போவது, திரும்பிக் குச்சிக்கு வருவது, கொஞ்சம் தள்ளி அடுத்த திசை. அவர் பேரைச் சொல்லிக் கத்துவேன். நின்று கேட்பேன். பனியில் என் குரலே எனக்கு யாரோ கூப்பிடுவது மாதிரி இருந்தது. நான்காவது தடவை விளிம்பில் ஒரு செடி வேரோடு பெயர்ந்துபோன பள்ளத்தைப் பார்த்தேன். அதற்கு நேர் கீழே, இரண்டு ஆள் ஆழத்தில் ஒரு பாறைத் தட்டில் அவர் கிடந்தார்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். மூச்சு இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பிக் கிடந்தது. மூடிய கைக்குள் ஒரு பிடி இலை. அதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் விழித்தார்.

“சார், வந்துட்டீங்களா?” என்றார். அதற்குமேல் பேச்சு வரவில்லை. அவர் பேசாமல் நான் பார்த்தது அன்றுதான்.

என் ஸ்வெட்டரையும் கோணிப்பையையும் போர்த்திவிட்டு, காலையில் நாங்கள் கோட்டைத் தொடங்கிய பட்டை உரிப்பவர்களின் கொட்டகைக்குக் கிளம்பினேன். ஒன்றரை மைல். பனியில் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. காலையில் எழுதிய பாகைகளைக் கடைசியிலிருந்து தலைகீழாகப் படித்து, கொட்டை மாற்றி மாற்றி நடந்தேன். கொட்டகையின் கதவிலேயே போய் முட்டினேன். நான்கு பேர், இரண்டு கம்பு, ஒரு கம்பளியோடு அதே பாகைகளில் திரும்பிவந்து, அவர் கிடந்த இடத்தில் நின்றேன். ஓரடிகூடப் பிசகவில்லை. மாலை ஐந்து மணிக்கு ஜீப் பாதைக்குக் கொண்டுவந்துவிட்டோம். அந்த நான்கு பேரும் ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்தார்கள். “பனிக்குள்ள கண்ணக் கட்டிவிட்ட மாதிரி, ஆனா நேரே போயி நிக்கிறாருய்யா!”

அடுத்த வாரம் அருளப்பன் சார் விசாரித்தார். களப்புத்தகத்தை அவர் முன்னால் வைத்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்து, அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தார்.

“இந்த நூறுக்குள்ள ஏதும் சத்தம் கேட்டுச்சா, பழனிச்சாமி?”

“இல்ல சார்.”

வரியிலிருந்து விரலை எடுத்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ‘தொழிலாளி தாமாகவே கோட்டைவிட்டு விலகிச் சென்றதால் விழுந்தார்’ என்று அறிக்கை போயிற்று. சொன்னபடி நடக்காத ஆள் என்று முனியாண்டியின் பேரைக் கூலிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. ஒரு வருஷம், அதற்கு மேலேயும். கேட்டவர்களிடம் வேலை என்றேன். வேலையும் இருந்தது. வீட்டுக்குப் போவதும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஆயிற்று. சாரதா ஒரு கடிதத்தில், ‘நீங்கள் வந்தாலும் வராத மாதிரிதான் இருக்கிறது’ என்று எழுதியிருந்தாள். பதில் எழுத உட்கார்ந்தால், முதல் வரிக்குப் பிறகு எதுவும் வராது.

பிறகு ஒரு கோடு பள்ளங்கிப் பக்கம் வந்தது. அந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் நான் நடந்துகொண்டிருந்தேன். வாசலில் வெயிலில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து ஒருவர் மலைப்பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் கவட்டைக் கம்பு. எண்ணிக்கை தானாக நின்றது. நான் வேலி தாண்டிப் போனேன்.

“அடடே, சார்! கறுத்துப் போயிட்டீங்களே. லெச்சுமி, சாருக்குத் தேத்தண்ணி போடு!” அதே குரல். பூண்டு விலை, பக்கத்து வீட்டு நாய், வடகவுஞ்சியில் கட்டிக்கொடுத்த தங்கச்சி என்று பேச்சு ஓடியது. லெச்சுமி டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கம் பார்க்காமல் உள்ளே போனாள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

“அண்ணே,” என்றேன். அப்படி அவரைக் கூப்பிட்டதில்லை. “அன்னைக்கு நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு.”

அவர் பூண்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

“தெரியுமுங்க சார். விளிம்புல கால் வழுக்கி, செடியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டுத்தானே கூப்பிட்டேன். பனி இன்னும் மேல ஏறல. நீங்க நின்னது தெரிஞ்சுச்சு. திரும்புவாரு, வந்துருவாருன்னு பாத்தேன். மறுபடி நடந்தீங்க. அப்புறந்தான் செடி வந்துருச்சு.”

அந்த ஒரு பிடி இலை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“ஏன் யார்ட்டயும் சொல்லல?”

“யாரு சார் கேட்டா? ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்தேன். ஒரு தாளக் கொண்டாந்து ரேகை வைன்னாங்க. வெச்சேன்.” ஒரு பூண்டை உரித்து முடித்தார். “இன்னொண்ணு சார். நடந்து போனதும் நீங்கதான். கயித்தக் கட்டிக்கிட்டு வந்து தூக்குனதும் நீங்கதான். இது ரெண்டையும் சேத்து எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் அழாமல் இருந்திருப்பேன்.

மறுநாள் காலை அருளப்பன் சார் அறைக்குப் போனேன். அவர் ஓய்வுபெற ஒரு மாதம் இருந்தது. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்தக் களப்புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் புரட்டாமல் நேரே திறந்தார். அதில் ஒரு துண்டுத்தாள் அடையாளம் ஏற்கெனவே இருந்தது.

“இந்த ஒத்த வரி மட்டும் பென்சில் தாளக் கிழிக்கிற அளவுக்கு அழுந்தியிருக்கு. அன்னைக்கே பாத்தேன். கேட்டேன், நீ இல்லன்ன. இல்லன்னு சொன்னவன்கிட்ட ரெண்டாந்தரம் கேக்கிறது எனக்குப் பழக்கமில்ல. விழுந்தவன்கிட்டயும் நான் கேக்கல. அந்தக் கட்டில்வரைக்கும் நான் நடந்து போயிருக்கணும்.” தன் பேனாவின் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார். “கீழ எழுது. இன்னைக்குத் தேதி போடு.”

எழுதினேன். ‘அறுபத்து மூன்றாவது அடியில் தொழிலாளி கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை. முன்னர் நான் சொன்னது பொய்.’ அவர் அதை வாங்கி, அதற்குக் கீழே தன் கையால் எழுதினார்: ‘தொழிலாளியை விசாரிக்காமல் அறிக்கை அனுப்பியது என் குற்றம்.’ ஓய்வுபெறப் போகும் மனிதர் அதை எழுதியிருக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை புத்தகத்தைத் திறந்தே வைத்திருந்தார்.

அதன் பலன்கள் ஒவ்வொன்றாக வந்தன. முனியாண்டிக்கு நாற்றுப்பண்ணையில் உட்கார்ந்து பார்க்கிற காவல் வேலை கிடைத்தது. எனக்கு மெமோ வந்தது, பதவி உயர்வு தள்ளிப்போனது. அதெல்லாம் நியாயம்தான். நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. என்னோடு குச்சி நட வர யாரும் சம்மதிக்கவில்லை. வாசலில் வரிசையாக நிற்பார்கள். என் முறை வந்ததும் ஆளுக்கொரு வேலை ஞாபகம் வரும். அன்று என்னைப் புகழ்ந்த நான்கு பேரில் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார்: “உங்களுக்கு வழி தெரியும் சார். பின்னால வாரவன் விழுந்தா என்ன பண்றது?”

அந்தப் பருவம் முழுக்கத் தனியாக அளந்தேன். தனி ஆள் ஒரு தூரத்தை அளக்க வேண்டுமென்றால் கயிற்றைக் குச்சியில் கட்டிவிட்டு நுனிவரை நடக்க வேண்டும், திரும்பி வந்து அவிழ்க்க வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். ஒவ்வொரு தூரமும் மூன்று நடை. பனி இறங்கினால், முன்னால் அனுப்ப ஆள் இல்லாமல், விலகும்வரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பேன். எண்ண ஒன்றும் இருக்காது. அப்படி ஒரு மதியம் சாரதாவுக்குக் கடிதம் எழுதினேன். நடந்ததை முழுவதும் எழுதினேன். களப்புத்தகத்தின் ஏழு தாள் ஆயிற்று. அவள் பதில் ஒரே வரி: ‘இத்தனை நாளில் இதுதான் நீங்கள் எனக்குச் சொன்ன முதல் சங்கதி.’

அடுத்த தை மாதம். காலையில் கொட்டகையிலிருந்து கிளம்பக் காம்பஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாதையில் ஒரு பெண் அரிவாளும் தூக்குவாளியுமாக ஏறிவந்தாள். லெச்சுமி. தலையில் கம்பளித் துணி கட்டியிருந்தாள்.

“ஆபீசுல சொல்லிட்டுத்தான் வாரேன். குச்சி நட நான் வாரேங்க.”

காம்பஸ் துடைப்பதை நிறுத்தினேன். “அண்ணன் என்ன சொன்னாரு?”

“அவருதான் அனுப்புனாரு. எனக்கு இஷ்டமில்ல. மூணு நாளு சண்ட போட்டேன்.” அரிவாளைக் காம்பஸிலிருந்து தள்ளிப்போய் வைத்தாள். யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. “இனிமே கூப்பிட்டாத் திரும்புவாரு, பயப்படாமப் போன்னாரு.”

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் பாகை பார்த்து எழுதிவிட்டு நடக்கத் தொடங்கினேன். பின்னால் அவள் காலடி கேட்டது. முப்பதுவரை எண்ணியிருப்பேன்.

“சார்!”

திரும்பினேன். லெச்சுமி நடுப்புல்லில், சமதரையில், இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல. நடங்க” என்றாள்.

எண்ணிக்கை போய்விட்டிருந்தது. இருவரும் கடைசிக் குச்சிக்குத் திரும்பிப் போனோம். ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.